மிஸ் பிலிப்பின் குறைகள்

எர்மின் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மேட்டுத்தெருவின் கடைசி வீடு அவளுடையது. சரிவு முழுக்கச் சேம்பும் சேனையும் வாழையும், வேலியோரம் மிளகாயும் மஞ்சளும், கொல்லையில் ஒரு சீமைப்பலா மரமும் இருக்கும். பகலில் எங்கள் தீவின் கோயாவ் ஊர்க் கடற்கரையோரக் கொட்டகையில் ஜாதிக்காய் தரம் பிரிப்பாள். மீதி நேரமெல்லாம் மண்ணில்தான். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். என் கடையில் ரொட்டி வாங்கினால்கூட அதில் ஒரு குறை சொல்லாமல் போனதில்லை.

அவள் சித்தி மகள் குளோடெட், ஆற்றோரம் கீழ்த்தெருவில் இருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே பாயில் வளர்ந்தவர்கள். குளோடெட் சிரித்தால் எதிரில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைக் கோழியின் நல்ல துண்டு எப்போதும் அந்தச் சிரிப்புக்கே போனதாம். எர்மின் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், ஏதோ நேற்று நடந்தது போல.

அந்த வருடம் தலைநகரத்துத் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். வீட்டில் விளைந்ததை வீட்டு முற்றத்திலேயே சமைக்க வேண்டும். அதை ஞாயிறு மதியம் நேரடியாகக் காட்டுவார்கள். கடைசியில் பார்க்கிறவர்கள் தொலைபேசியில் கருத்துச் சொல்லலாம். ஆள் தேடி வந்தவர்கள் முதலில் எர்மின் வீட்டுக்குத்தான் போனார்கள். கேமராக்காரன் முள்ளங்கி நாற்றை மிதித்துவிட்டான். அவன் செருப்பைப் பற்றியும் அவனை வளர்த்தவர்களைப் பற்றியும் எர்மின் சொன்னது எதையும் ஒளிபரப்ப முடியாது. அவர்கள் இறங்கி வந்து, என் கடையில் குளிர்பானம் குடித்து, வேறு யாராவது உண்டா என்று கேட்டார்கள். கீழ்த்தெருவைக் கைகாட்டியது நான்தான்.

குளோடெட்டின் முதல் நிகழ்ச்சியை ஊரே என் கடையில் பார்த்தது. எர்மினும் வந்து மூலையில் நின்றாள். குளோடெட் பானையில் சீமைப்பலாவை அடுக்கினாள். அதன்மேல் உப்புக்கண்டமும் மாவுருண்டையும் வைத்து, எல்லாவற்றையும் சேம்பு இலையால் மூடி, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றினாள். நடுநடுவே சிரித்தாள். கடையில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. மீன்கார லின்டனுக்கு வாயில் எச்சில் ஊறியது. சர்ச்சில் பாடும் மிஸ் ஒடேசா, முற்றத்தைப் பெருக்கியிருக்கலாம் என்றாள். ஆனால் எல்லோருமே, நம்ம ஊர் டிவியில் வந்துவிட்டது என்ற பூரிப்பில் இருந்தார்கள்.

எர்மின் மட்டும் மெல்லிய குரலில் என்னிடம் சொன்னாள்: "அந்தச் சேம்பு இலை என் தோட்டத்து இலை, தம்பி. வெள்ளிக்கிழமை வந்து கேட்டா. நான்தான் அறுத்துக் குடுத்தேன்."

தொலைபேசி நேரம் வந்ததும் அவளைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து மூக்கடைத்த ஒரு குரல் வந்தது. கேரியாகூ தீவிலிருந்து மிஸ் பிலிப் பேசுகிறாளாம்.

"நிகழ்ச்சி நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா சீமைப்பலாவ அவ்ளோ பொடிசா நறுக்கினா அது கொழந்தைக்கு ஊட்டுற கஞ்சியாயிடும். அப்புறம், வெந்துக்கிட்டிருக்கிற பானைய எதுக்குத் தொறந்து தொறந்து பாக்குறீங்க? உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

கடை அதிர்ந்தது. குளோடெட்டும் சிரித்தாள், ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக. பிறகு எர்மின் உள்ளே வந்து, அந்தக் கேரியாகூக்காரி என்ன சொன்னாள் என்று விசாரித்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

அதற்கப்புறம் மிஸ் பிலிப் இல்லாத ஞாயிறு இல்லை. குளோடெட்டின் தக்காளியின் நிறம், கத்தி பிடிக்கும் விதம், ஏப்ரனின் முடிச்சு என்று எதுவும் தப்பவில்லை. ஊர்ச் சந்தையில், பேருந்தில், சர்ச் வாசலில் மிஸ் பிலிப் பேச்சுதான். சமையல் முடியும்போது வந்து உட்கார்ந்து, தொலைபேசி நேரத்தை மட்டும் பார்க்கிறவர்களும் உண்டானார்கள். அந்தக் கேரியாகூ அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

எர்மினுக்கு இது இனித்தது. தராசில் ஜாதிக்காய் நிறுக்கும்போது பாடக்கூடச் செய்தாளாம். குளோடெட்டுக்குத்தான் சிரிப்பு குறைந்தது. அவள் வெயிலில் வளர்த்து, புகையில் நின்று சமைக்கிறாள். யாரோ ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பேர் வாங்கிக்கொண்டு போகிறாள். என் கடையில் மாவு வாங்க வந்தவளிடம் லின்டன், அடுத்த வாரம் மிஸ் பிலிப் என்ன சொல்லுவாளோ என்று கேட்டான். அவள் மாவை எடுக்காமலே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மூக்கடைத்த குரல் தேங்காயைப் பற்றி ஆரம்பித்தது. குளோடெட் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"எர்மின் அக்கா, மூக்க விட்டுடு. வலிக்கும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கடையில் எழுந்த சிரிப்பு மேட்டுத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எர்மின் பல நாள் கடைப்பக்கம் வரவில்லை. குறுக்குப்பாதையில் இறங்கி வேலைக்குப் போய் வந்தாள். ஜாதிக்காய்க் கொட்டகையில் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொன்னார்களாம்.

ஆனால் பார்க்கிறவர்கள் விடவில்லை. மிஸ் பிலிப் யாரென்று தெரிந்ததும், அவள் சமைத்துக் காட்டட்டும் என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு ஆசை, மீதிப் பேருக்கு அவள் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். நிலையத்தார் மறுபடியும் மேடேறினார்கள். இம்முறை கேமராக்காரன் வேலிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். எர்மின் சம்மதித்தாள்.

அந்த ஞாயிறு குளோடெட் என் கடைக்கு வந்து, எர்மின் எப்போதும் நின்ற மூலையில் நின்றாள். திரையில் தோட்டம் தெரிந்ததும் பேச்சு அடங்கியது. அவ்வளவு பச்சை. எர்மின் சிரிக்கவில்லை; மூன்று கல் அடுப்பின் முன் கல் போலவே நின்று பானையை அடுக்கினாள். குளோடெட் உதட்டைக் கடித்தபடி முணுமுணுத்தாள், உப்புக்கண்டத்தை ஊறவைக்கவேயில்லை என்று. போன் பண்ணிச் சொல்லு என்று லின்டன் தூண்டினான்.

"நான் கூப்பிட்டா அவ சந்தோஷப்படுவா," என்றாள் குளோடெட்.

மற்றவர்கள் கூப்பிட்டார்கள். தோட்டத்தைப் புகழ்ந்தார்கள், கையைப் புகழ்ந்தார்கள். பக்கத்து ஊரான விக்டோரியாவிலிருந்து ஒரு பெண், எல்லாம் அருமை, ஆனால் குளோடெட் செய்தால் பார்க்கவே பசிக்கும் என்றாள். எர்மின் முகம் ஒரு கணம் சுருங்கியதைக் கடையில் எல்லோரும் பார்த்தோம். நேயர்களுக்குக் கடைசியாக ஏதாவது சொல்கிறீர்களா என்று நிகழ்ச்சிக்காரர் கேட்டார்.

"கீழ்த்தெருவுல ஒருத்தி பாத்துக்கிட்டிருப்பா," என்றாள் எர்மின். "என் பானையில குறை இருந்தா நேர்ல வந்து சொல்லட்டும்."

குளோடெட் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கேமராவை மூட அவர்கள் அவசரப்படவில்லை, புத்திசாலிகள். சற்று நேரத்தில் திரையின் ஓரத்தில் குளோடெட் மூச்சிரைக்க வந்து நின்றாள். தட்டை நீட்டினாள். எர்மின் பரிமாறினாள். குளோடெட் ஒரு வாய் தின்று, வானத்தைப் பார்த்து மென்றாள்.

"மஞ்சள் கொஞ்சம் கம்மி," என்றாள்.

"அப்படியா."

"ஆமா." தட்டை மறுபடியும் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடு. சரியா பாத்துட்டுச் சொல்றேன்."

எர்மின் நல்ல துண்டாகத் தேடி வைத்தாளா, கையில் வந்ததை வைத்தாளா என்று கடையில் இன்னமும் சண்டை உண்டு. ஒடேசா முதல் கட்சி.

இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள் என்று நிலையத்தார் கெஞ்சினார்கள். எர்மின் மறுத்துவிட்டாள். புகழ்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. மழைக்காலம் வரை குளோடெட்டே நடத்தினாள். ஞாயிறுதோறும் எர்மின் சொந்தப் பெயரில், சொந்த மூக்கோடு கூப்பிட்டாள். குளோடெட்டும் அந்த அழைப்பை எடுத்த பிறகுதான் நிகழ்ச்சியை முடிப்பாள்.

பொறாமை போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். போன மாதப் பெருமழையில் ஆறு ஏறி, குளோடெட் தோட்டத்துச் சேம்பையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் எர்மின் ஒரு கூடை நாற்றைத் தலையில் வைத்து, கடையைத் தாண்டிக் கீழே இறங்கினாள். கூடையை எட்டிப் பார்த்தேன். நல்ல நாற்றுதான். அதைவிடக் கொழுத்த நாற்றுகள் அவள் மேட்டுப்பாத்தியில் நின்றதையும் காலையில்தான் பார்த்திருந்தேன்.