ரப்பர் பேக்கிங்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பட்டறையில் நேற்று ஒரு பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றினார்கள். நான்கு போல்ட்டுகளில் ஒன்று சாக்கடைப் பக்கம் உருண்டது. எனக்கு மனம் கேட்கவில்லை, எழுந்து போனேன். பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. அப்பாவின் வாடகைக் காரில் இதே வாசனைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தக் காரின் கார்புரேட்டரும், அதை இஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டும் விரிசல் விட்டன. அப்பா கிள்ளானிலிருந்து வேறொரு காரின் பாகங்களை வாங்கிவந்து மாட்டினார். இரண்டும் சேருமிடத்து இடைவெளியை அடைக்கும் பேக்கிங்காக, ரப்பர் தோட்டத்தில் கிடைத்த ஷீட்டை வெட்டி வைத்தார். பெட்ரோல் பட்டு அது கூழாகிவிட்டது. அத்தைக்குப் பிரசவ வலி கண்ட காலையில், அவளை ஏற்றியதும் கார் இருமிவிட்டு நின்றது.

"டியூப் ஒட்ட ரப்பரை பெட்ரோல்லதானே கரைக்கிறீங்க? அதையே போயி உள்ள வச்சீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா வீட்டுக்குள் ஓடி, தடித்த அட்டையில் ஒட்டிய முருகன் காலண்டரை எடுத்துவந்தார். கத்தரி பிடித்த கை தயங்கியது.

பின் சீட்டிலிருந்து அத்தை கத்தினாள்: "முருகன் கோவிச்சுக்க மாட்டாருண்ணே, வெட்டுங்க! பொண்ணு பொறந்தா வள்ளின்னு பேரு வைக்கிறேன்!"

அட்டையை எண்ணெயில் நனைத்து வைத்து இறுக்கினார். கார் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன சற்று நேரத்தில் வள்ளி பிறந்தாள்.

அத்தை மகள் அல்லவா, வளர்ந்ததும் எனக்கே கட்டிவைத்தார்கள். நேற்று நான் பட்டறையிலிருந்து திரும்பியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த பெட்ரோல் நாத்தம் எனக்கு ஆகவே ஆகாது. போய்க் குளிங்க லா!"