வீழ்ச்சிக்குக் காரணம் என் அம்மா

முஸ்லிம்கள் ஏன் வீழ்ந்தார்கள் என்று அறுபதுகளின் கடைசியில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இருபத்து நாலு வயதில் எல்லாம் தெரிந்திருக்கும். பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தா வேலை. ஞாயிறுதோறும் ரயிலேறித் தாம்பரம் போவேன். அங்கே ஒரு நண்பரின் மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடிச் சமுதாயத்தைத் தூக்கி நிறுத்த வழி தேடுவோம். தொழுகையை விட்டோம், கெட்டோம் என்பார் ஒருவர். படிப்பை விட்டோம் என்பார் இன்னொருவர். ஆட்சி போனதோடு எல்லாம் போயிற்று என்று மேசையைத் தட்டவும் ஒருவர் இருந்தார். என் விடை இன்னும் சுலபம்: மார்க்கத்தில் இல்லாததையெல்லாம் வீட்டுக்குள் விட்டோம். தர்கா, தாயத்து, இறந்தவர்களுக்குச் சோறாக்கிப் பாத்திஹா ஓதுவது. நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வீழ்ச்சியைக் கொண்டுவந்து என் அம்மாவின் அடுப்படியில் நிறுத்தினேன்.

அந்த வருடம் மஞ்சள் காமாலையில் என் தம்பி இறந்துபோனான். பத்தொன்பது வயது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அம்மா வெள்ளிக்கிழமைச் சந்தையில் அரிசி வாங்கி வந்து, நெய்ச்சோறாக்கி, சாம்பிராணி போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஓதுவதற்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"இதுக்கெல்லாம் மார்க்கத்துல ஆதாரம் கிடையாது. போயிட்டு வாங்க ஹஜ்ரத்."

அம்மா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சமுதாயம் இன்னா வேணா ஆவட்டும்டா. இன்னிக்கு எம்புள்ளைக்கு நாப்பதுடா. ஒரு யாசீன் ஓதினா உனுக்கு இன்னாடா போச்சு?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். ஹஜ்ரத் படியிறங்கிப் போனார். தாம்பரத்தில் இதைச் சொன்னபோது முதுகில் தட்டிக் கொடுத்தார்கள், வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகு அம்மா தம்பியின் பேரையே எடுக்கவில்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்த மடையன் நான்.

எழுபதுகளின் நடுவில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் ஞாயிறு கூட்டம் கலைந்துவிட்டது. மேசையைத் தட்டியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். தனியாக அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. படித்த எதுவும் கைகொடுக்கவில்லை. அவளுக்காக யாராவது வந்து ஓதினால் போதும், மார்க்கத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றாகிவிட்டது. முப்பத்தொன்பதாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்தின் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு அம்மாவுக்கு நாப்பது. நீங்க வந்து ஓதணும்."

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "படுக்கையில கெடக்கும்போது உங்கம்மா என்னக் கூப்ட்டனுப்பினாங்க தம்பி. எனக்கு ஓதன்னு வந்துடாதீங்க, எம்புள்ள மறுபடியும் வாசல்ல நின்னு உங்கள அனுப்பிடுவான், அவன அந்தக் கோலத்துல ஊரு பாக்க வேணாம்னாங்க. வரமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"இப்ப நானே கூப்பிடுறேனே ஹஜ்ரத்."

"வாக்கு வாங்கினது அவங்க. அவங்கள எங்க போய்க் கேக்குறது?"