பின்பக்கத்து எட்டு போல்ட்டுகள்

தேர்வாய் கண்டிகையில் கார் இன்ஜின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஜெரால்டுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனைப் பதினான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். முன்பக்கத்து ஆறை இவன் முறுக்க வேண்டும். பின்பக்கத்து எட்டு, பக்கத்தில் நிற்கும் சரவணனுடையது. ஆறு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த இன்ஜினுக்குத் திரும்பிவிடுவான்.

வீட்டில் கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள். "உன்னக் கட்டிக்கினு ஒரு தபாகூட நிம்மதியா பஸ் ஏறுனதில்ல" என்பாள் மனைவி சுகிர்தா.

அன்று காலை, அவள் தம்பி ராபினுடைய வாடகைக் காரில் கல் அடித்து ஆயில் பேன் கிழிந்திருந்தது. மூன்றரைக்குத் திருப்பதி சவாரி. அந்தக் கார்தான் ராபினுக்குச் சோறு. ஜெரால்டே அடியில் படுத்துப் பழைய பசையைச் சுரண்டி, சிலிக்கான் தடவி, புது பேனை ஏற்றிப் பதினான்கு போல்ட்டையும் கையால் திருகி நிறுத்தினான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். "நல்லா காஞ்சப்புறம் ஆயில் ஊத்துடா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்கு ஓடினான்.

ஐந்து மணி வாக்கில், லைனில் ஆறு முடித்துக் கையைத் துடைத்தவன் அப்படியே நின்றான். காலையிலும் ஆறு முடித்துக் கையைத் துடைத்தது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

செல்போன் லாக்கரில். டீ பெல்லுக்கு இன்னும் அரை மணி. எண்ணெய் வடிந்தால் போகிற வழியிலேயே இன்ஜின் இறுகிப்போகும்.

"இன்னாண்ணா, பாத்ரூமா? காலு தரையில நிக்க மாட்டேங்குது" என்றான் சரவணன்.

பெல் அடித்ததும் லாக்கர் அறைக்கு ஓடினான். மூன்றாவது தடவைதான் ராபின் எடுத்தான்.

"வண்டிய ஓரங்கட்டுடா!"

"நாகலாபுரத்துல நின்னுகினுதான் கீறேன் மாமா. சவாரிங்க டீ குடிக்கிறாங்கோ."

"அடியில பாரு."

ராபின் குனிந்து பார்ப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"ஈரமா கீது மாமா. பின்னாடி போல்ட்டெல்லாம் கையாலயே சுத்துது!"

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு. எட்டு கீது. கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் சமமா முறுக்கு. சூடு, கை பத்திரம்."

ராபின் எட்டாவதை முறுக்கி முடித்தபோது மறுபடி பெல் அடித்தது. சூப்பர்வைசர் பச்சையப்பன் வாசலில் வந்து நின்றார். "காது கேக்கலையா ஜெரால்டு?"

"ஒரு நிமிஷம் சார். டேய், டிப் ஸ்டிக்ல ஆயில் அளவு பாத்தியா?"

"கீழ்க்கோட்டுக்கு மேலதான் கீது. ஏன் மாமா, பதினோரு வருஷமா இதானே உன் வேலை?"

"ஆறு போல்ட்டு வரைக்கும்தாண்டா. ஸ்டார்ட் பண்ணி, சொட்டுதான்னு பாரு."

"நீ போனை வை, நான் பாத்துக்கறேன்."

"இல்ல, இப்பவே பாரு" என்றான் ஜெரால்டு. பச்சையப்பன் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.