துரை சொன்னதும் துபாஷி சொன்னதும்

போன சனிக்கிழமை ஒரு மணி நேரம் நான் அரசவைக் கோமாளியாக இருந்தேன். வீட்டில் சொன்னால், "இதுல புதுசா என்ன?" என்கிறார்கள். விடுங்கள்...

விஷயம் இதுதான். பழவேற்காட்டில் ஒரு சின்ன சமுதாய வானொலி. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களைத் தாண்டி அதன் சத்தம் கேட்காது. ஆனால் குப்பங்களில் எல்லா வீட்டிலும் கேட்கும். அதை நடத்தும் விமலா டீச்சர் போன் செய்தார். "சார், அந்தக் காலத்து வாய்ச் சாமர்த்தியக்காரங்களை எல்லாம் ஒரே மேஜையில உட்கார வச்சு ஒரு கேம் ஷோ பண்ணலாமா?"

யாருக்குத்தான் ஆசை வராது? பொன்னேரி வரை மின்சார ரயிலில், யார் யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். ராஜாவைக் கிண்டல் செய்துவிட்டுத் தலையோடு வீடு திரும்பிய கோமாளி. பழவேற்காட்டு டச்சுக் கோட்டைத் தளபதி. அவருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று, மொழிபெயர்த்தே காலம் தள்ளிய துபாஷி. இவர்களை நினைத்துப் பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது — சரித்திரத்தில் சாமர்த்தியமாகப் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் பயந்துகொண்டே பேசியவர்கள். அவர்களுக்கு ஜோக் என்பது பொழுதுபோக்கு இல்லை. ஹெல்மெட்!

விளையாட்டு எளிது. சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் சொல்லைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். அந்தச் சொல்லை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் மணி அடிக்கும், வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். கோமாளி நான். தளபதி, குப்பத்துத் தலைவர் மாசிலாமணி — மீசைக்காகவே தேர்வு. துபாஷியாக வர வேண்டிய கல்லூரி வாத்தியார் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். நேரலைக்கு இன்னும் ஐந்தே நிமிடம்!

வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னியம்மா. பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்.

"என்னம்மா விஷயம்?"

"கையால புடிக்கிற எங்க எடத்துலயும் வலை கட்டிட்டாங்க சார். பத்து நாளா பறி காலியாத்தான் வருது. புள்ளைங்களுக்கு இன்னா ஆக்கிப் போடறது? ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன். டீச்சர் முடியாதுனுட்டாங்க."

விமலா டீச்சர் சங்கடத்தில் நெளிந்தார். "ரெண்டு தரப்புத் தகராறு சார். ஒருத்தர் பேச்சை மட்டும் போட முடியாதே." வலை கட்டிய தரப்பு எங்கே? ஸ்டுடியோவுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

கன்னியம்மாவைத் துபாஷி நாற்காலியில் உட்கார வைத்தேன். நியாயம் கேட்கவெல்லாம் இல்லை, சத்தியமாக. நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

உப்பு, மழை, பாடு... சீட்டுகளைச் சென்னையிலேயே எழுதி எடுத்துப் போயிருந்தேன். 'பாடு' என்று எழுதியது பாட்டுப் பாடுவதை நினைத்து. அந்தச் சீட்டுதான் கன்னியம்மா கைக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"சார்... எனக்குப் பாடு உழுந்துடுச்சா?"

டிங்! மணி அடித்த மகராசன் நான்தான்.

டீச்சர் அவசரமாக ஒரு தாளில் எழுதி நீட்டினார். ஏரியில் எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்களாம். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பெயர்தான் பாடு. கையால் பிடிப்பவர்களுக்கு அதில் சீட்டே கிடையாது. படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மணியைத் தூக்கி ஏரியில் போடலாமா என்றிருந்தது.

ஆனால் நேரலை ஆயிற்றே! வாய்ப்பு தளபதிக்குப் போனது. தலைவருக்கு மூச்சுக்கு மூச்சு வரும் சொல் அது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மனிதருக்குத் தெரிந்துவிட்டது. ஆள் கில்லாடி. மீசையைத் தடவிக்கொண்டு டச்சுக்கு மாறிவிட்டார்.

"ஹூப்லா ஸ்கூம்! டர்ரா பூம்! கிராக்கா கிராக்கா!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "துபாஷி அம்மா, துரை என்ன சொல்றார்?"

கன்னியம்மா மைக்கைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். நாள் முழுக்கக் கூடையைக் கவ்விக்கொண்டு பேசாமலே இருக்கும் வாய் அது.

"தொரை இன்னா சொல்றாருன்னா... முழங்கா தண்ணியில கையால தடவுற பொம்பளைங்க கீறாங்க இல்ல, அவங்க எடத்துல எவனும் வலை கட்டக் கூடாதாம். கட்டுனதை நாளைக்கே அவுத்துடணுமாம்."

தலைவர் பதறிப் போய், "ஸ்கூம்! ஸ்கூம்! ஸ்கூம்!" என்று மேஜையைத் தட்டினார்.

"ஒரு நாளு கூட தள்ளக் கூடாதுனு கோச்சுக்கிறாரு."

நிமிடம் முடிந்தது. தடை செய்த சொல்லைத் தளபதி ஒரு முறைகூடச் சொல்லவில்லை. விதிப்படி அவருக்குத்தான் வெற்றி! கை தட்டினோம். தலைவரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

கன்னியம்மா மட்டும் தட்டவில்லை. சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் நான் நினைத்துப் பார்த்த கோமாளியும் துபாஷியும், பேசி முடித்ததும் ராஜா முகத்தையும் துரை முகத்தையும் இப்படித்தானே பார்த்திருப்பார்கள்? கிளம்பும்போது சீட்டைத் திருப்பிக் கேட்டேன். "என் கைக்கு வந்தது சார், குடுக்க மாட்டேன்" என்று இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை தலைவரிடமிருந்து போன்.

"இன்னா சார் இப்படி மாட்டி உட்டுட்டீங்க? கரைக்குப் போனா எல்லாரும் கும்புடுறாங்க. 'தலைவரே, நல்ல வார்த்தை சொன்னீங்க'னு கையைப் புடிச்சுக்கிறாங்க. நான் எப்படி இல்லைனு சொல்றது? வலையை அவுக்கச் சொல்லிட்டேன். ஆனா சத்தியமா நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்!"

"அப்போ டச்சுல என்னதான் சொன்னீங்க, தலைவரே?"

"அது... எனக்கே தெரியாதே சார்."

தெரியாதா? அப்படியென்றால் துபாஷி சொன்னதுதான் சரி!