பெரியவனோட அப்பா

என் பாட்டனாரின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. எங்கள் வம்சத்தைத் தேடப்போய் அதில் மாட்டிக்கொண்ட நான், நுவரெலியாவில் ஒரு பதிவு அலுவலகத்து வாங்குப் பலகையில் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், குளிருக்குக் காதை மூடிக் கட்டிய துண்டு. இறந்துபோன கணவரைப் "பெரியவனோட அப்பா" என்றுதான் சொன்னார். அப்படிச் சொல்லும்போதும் முந்தானை வாயருகே போனது.

"புள்ளைங்க பொறந்தப்ப வேற வேற ஆளுங்க போய்ப் பதிஞ்சாங்க. மூணு பேருக்கும் தகப்பன் பேரு மூணு மாதிரி இருக்காம். ஒரே தகப்பன் புள்ளைங்கன்னு நம்ப மாட்டேங்கிறாங்க."

"சரியான பேரைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுருமேம்மா."

"புருஷன் பேர எப்படிங்க சொல்றது? அவரு இருக்கையிலயே சொன்னதில்ல."

அழைத்தார்கள். துணைக்கு நானும் எழுந்து போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த யாழ்ப்பாணத்து அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மூண்டையும் வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் சரியில்லை எண்டுறியள். சரியான பேரை நீங்கள்தான் சொல்லோணும், அம்மா."

அந்த அம்மாவுக்கு எழுதிக் காட்டவும் தெரியாது. பின்னால் வரிசை நெருக்கியது. முந்தானையைக் கீழே விட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அலுவலர் கண்ணாடித் துவாரத்தில் காதை வைத்தார்.

"கேக்கேல்லை, அம்மா. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால் நானே இரைந்து சொல்லியிருப்பேன்.