வெள்ளை ஓரக் கிளை

என் அத்தை பதினோரு வருடமாக ஒரு நர்சரியில் செம்பருத்திக் குச்சி நடுகிறாள். ஒரே தாய்ச்செடியில் வெட்டிய குச்சியெல்லாம் அச்சு அசலாக அதே செடியாக வளரும். தப்பித் தவறி ஒன்று வேறு மாதிரி வந்தால் பிடுங்கிப் போட வேண்டும். அதற்கு மட்டும் அத்தைக்கு மனசு வராது. "அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்பாள்.

போன வருடம் எங்கள் வீட்டு வாசல் தொட்டியில் இருந்த செம்பருத்தியில், ஒரு கிளையின் இலைகள் மட்டும் ஓரம் வெள்ளையாக வந்தன. நான் பள்ளி உயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மொட்டின் ஏதோ ஒரு செல்லில் மரபணு தற்செயலாக மாறியிருக்க வேண்டும். அங்கிருந்து வளர்ந்த கிளை முழுக்க அந்த மாற்றம் வந்துவிட்டது. விதையை நம்ப முடியாது, குச்சி நட்டால் வரலாம் என்று சொன்னேன்.

"குச்சியா? அப்ப நம்ம டிபார்ட்மென்ட்" என்றாள் அத்தை.

நர்சரி முதலாளியம்மா வந்து பார்த்தார். "மழைக்காலத்துக்குள்ள இதே மாதிரி மூணு செடி காட்டு. விற்பனைக்கு எடுத்துக்கறேன். பேரு நீயே வை."

அதுவரை அத்தை பெயர் வைத்தது மாமாவுக்கு மட்டும்தான். எதைப் பார்த்தாலும் துடைப்பவர் என்பதால் 'சுத்தம்' என்று வைத்திருந்தாள்.

ஆனால் தினமும் நானூறு குச்சி வெட்டும் கை இந்தக் கிளையைத் தொடத் தயங்கியது. இருப்பதே ஒன்று, வேர் விடாவிட்டால்? "இன்னும் கொஞ்சம் முத்தட்டும்" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். பச்சை குறைந்த இலை உணவும் குறைவாகத்தான் செய்யும். அதனால் கிளை நத்தையாக வளர்ந்தது. பக்கத்துப் பச்சைக் கிளைகள் அதன் வெயிலை மறித்தன. காடாக இருந்தால் அதன் கதை அப்போதே முடிந்திருக்கும். இங்கே அத்தை தினமும் பச்சைத் துளிர்களைக் கிள்ளி அதற்கு வெளிச்சம் விட்டாள்.

லாரி ஓட்டும் மாமா மூன்று மாதம் கழித்து வீடு வந்தார். கேலி செய்வார் என்று அத்தை போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தால் கிளையைக் காணோம். மாமா கத்தரிக்கோலோடு நின்றார்.

"நோய் புடிச்ச கிளைம்மா. மத்ததுக்கும் பரவுறதுக்குள்ள நறுக்கிட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"வாசல் குப்பை வாளியில. வண்டி வர நேரமாச்சே."

அத்தை ஈரத் தலையோடு ஓடினாள். வண்டி இரண்டு வீடு தள்ளி நின்றது. வாழைப்பழத் தோலுக்கு அடியிலிருந்து கிளையை மீட்டாள். இனி தயங்க நேரமில்லை. ஏழு துண்டாக்கி ஈர மணலில் நட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மாமா யோசித்தார். "ரெண்டு மாசமா உன்னால முடியாததை நான் ஒரே நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்திருக்கேன்."

"பேசாதீங்க சுத்தம்."

லாரியோடு கிளம்பிப் போன பிறகும் மாமா தினமும் போன் செய்து, "ஏழும் சௌக்கியமா?" என்றார். மூன்று அழுகிப்போயின. ஒன்று முழுப் பச்சையாகத் துளிர்த்துப் பழைய குணத்துக்கே திரும்பியது. மிச்சம் மூன்றும் வெள்ளை ஓரத்தோடு இலை விட்டன.

மழைக்கு ஒரு வாரம் முன்பு, மாமாவும் வீடு வந்திருந்த நாளில், முதலாளியம்மா ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். "சரி, என்ன பேரு?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். "சுத்தம்."

செடியில் தொங்கவிடும் அட்டையில் மாமாவே எழுதினார். எழுத்து கோணிவிட்டது என்று மூன்று தடவை துடைத்துத் துடைத்து எழுதினார்.