சூட்டு அறையில் ஒரு படம்

சூட்டு அறையின் கதவை அக்கா மெல்லத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளே ஆள் யாரும் இல்லை, தட்டுகளில் சத்து மாத்திரை டப்பாக்கள்தான்.

"உள்ள யாரு அக்கா, மாமியாரா?" என்பார் ஆய்வுக்கூடத்தின் கணக்கர்.

"மாமியாரா இருந்தா கதவையே திறந்திருக்க மாட்டேன். போய் வேலையப் பாருங்க."

சொல்லும்போது அக்கா சிரிப்பதில்லை. அங்கே தரை துடைக்கும் நான் மட்டும் வாளியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

ஒன்றாகச் செய்த மாத்திரைகளைப் பிரித்து, பாதியைக் குளிர் அறையிலும் பாதியைச் சூட்டு அறையிலும் வைப்பது அக்காவின் வேலை. சூட்டு அறைக் காற்று ஈரத்துணி போல முகத்தில் ஒட்டும். அங்கே ஆறு மாதம் இருந்த மாத்திரை, கடையில் இரண்டு வருடம் கிடந்ததற்குச் சமமாம். டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார். பழுப்புப் புள்ளி விழுந்த ஒன்றைக் கையில் உருட்டிக் காட்டுவார்.

"பாரு கண்ணு, இதுக்கு அதுக்குள்ள வயசாயிடுச்சு. கூடப் பொறந்தது குளிர்ல இன்னும் பச்சப்புள்ள மாதிரி கெடக்கு."

சூட்டு அறையின் கடைசித் தட்டை மட்டும் என்னைத் துடைக்க விடமாட்டார். அங்கே டப்பாக்களுக்குப் பின்னால் அவர் கணவரின் சின்னப் புகைப்படம் சாய்ந்து நிற்கும். அதே படத்தின் இன்னொரு பிரதி குளிர் அறையில் இருக்கிறது. கணவருக்கு ஈரலில் நோய். வேலையை விட்டு வீட்டில் படுத்திருக்கிறார்.

"ரெண்டு வருஷம் தாங்குவாரான்னு டாக்டரக் கேட்டா கூரையப் பாக்குறார். இந்த ரூம் அப்படியெல்லாம் மழுப்பாது."

"வேணாங்க்கா. எடுத்துடுங்க."

"எடுத்துட்டா தெரியாமப் போயிடுமா?"

நேற்றோடு அந்தப் படத்துக்கும் ஆறு மாதம் முடிந்தது. சோதனைக்கான மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, அக்கா கையுறையைக் கழற்றிப் படத்தைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். சட்டை வெளுத்துப்போய், பூஞ்சை கழுத்துவரை ஏறியிருந்தது. முகத்தில் கறை எதுவும் இல்லை. குளிர் அறைப் படத்தில் அவர் நம்மை நேராகப் பார்க்கிறார். இதில் கண்கள் மூடியிருந்தன.

"தூங்குறார்தானே?" என்று கேட்டார் அக்கா.

என் பதிலுக்குக் காத்திராமல், ஆள்காட்டி விரலை மடக்கி, படத்தில் இருந்த மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு, தன் மூச்சை அடக்கி நின்றார்.